கையொப்பங்களின் வரைபடம்

முதன்முதலில் நான் வரைந்து முடித்த வரைபடத்தில் பாரிஸ் நகரம் ஒரு பெரிய கரிய வட்டமாக இருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுப்பணத்தில் நடந்த ஆய்வுத் திட்டங்களில் எந்த நிறுவனம் எந்த நிறுவனத்தோடு சேர்ந்து பணியாற்றியது என்பதைக் காட்டும் வலையமைப்பு அது. ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் ஆய்வுத் தரவுப் பிரிவில் வேலை பார்க்கும் எனக்கு அது அலுவலகம் இட்ட பணி அன்று; ஒரு குளிர்காலத்தின் மாலை நேரங்களையெல்லாம் செலவிட்டு, விருப்பத்தின் பேரில் செய்தது. பிரான்சின் கிரெனோபிள் நகரில் காந்தவியல் ஆய்வகம் ஒன்றில் பணியாற்றும் நண்பர் வீட்டுக்கு வந்திருந்தபோது அதைக் காட்டினேன். அவர் வெகுநேரம் திரையைப் பார்த்துவிட்டு, "எங்கள் ஆய்வகம் இதில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். ஒன்றியம் நிதி அளித்த மூன்று திட்டங்களில் அவர் உழைத்திருக்கிறார். மூன்றையும் தேடிக் கண்டுபிடித்தோம். மூன்றும் பாரிஸின் கரிய வட்டத்துக்குள் இருந்தன. ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் அவர் செலவிட்ட பத்தாண்டுகள் என் வரைபடத்தில் ஒரு புள்ளியாகக்கூட விழவில்லை.

அந்தக் கேள்விக்கு நேர்மையான விடை தேடியதில்தான் இந்த வேலை எனக்கு உண்மையாகப் புரியத் தொடங்கியது. அதை இங்கே சற்று விரிவாக எழுதிவைக்க விரும்புகிறேன். ஏனென்றால் இத்தகைய படங்கள் இப்போது அறிக்கைகளிலும் செய்திகளிலும் மிகுதியாக வருகின்றன, அவற்றைப் பார்த்து முடிவெடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

முதலில் மூலத்தரவு. ஐரோப்பிய ஒன்றியம் 1984 முதல் 'சட்டகத் திட்டம்' என்ற பெயரில் பல ஆண்டுக் கால ஆய்வு நிதித் திட்டங்களை வகுத்து வருகிறது. ஏழாவது சட்டகத் திட்டம் 2007 முதல் 2013 வரை நடந்தது. அடுத்து வந்த ஹொரைசன் 2020 ஏறத்தாழ 8,000 கோடி யூரோவைப் பங்கிட்டது. இப்போது நடக்கும் ஹொரைசன் ஐரோப்பா 2021இல் தொடங்கியது. அதற்குத் தொடக்கத்தில் ஒதுக்கப்பட்ட தொகை 9,550 கோடி யூரோ. இந்தத் திட்டங்களின் விவரங்களை கோர்டிஸ் என்னும் தகவல் சேவை 1990 முதல் வெளியிட்டு வருகிறது. ஒவ்வொரு திட்டத்துக்கும் ஓர் எண், தலைப்பு, தொடக்க நாள், முடிவு நாள், அதில் சேர்ந்த நிறுவனங்களின் பெயர், நகரம், நாடு, ஒவ்வொன்றுக்கும் ஒன்றியம் தரும் தொகை, ஒருங்கிணைப்பாளரா பங்கேற்பாளரா என்ற குறிப்பு ஆகிய அனைத்தும் யாரும் தரவிறக்கிக்கொள்ளும் கோப்புகளாகக் கிடைக்கின்றன. வரி செலுத்துபவரின் பணம் எங்கே போகிறது என்பதை இவ்வளவு நுணுக்கமாக, நிறுவனம் நிறுவனமாகப் பொதுவில் வைத்திருப்பதை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். இனி நான் சொல்லப்போகும் குறைகள் எவையும் அந்த மதிப்பைக் குறைப்பவை அல்ல.

இந்தத் தரவிலிருந்து வலையமைப்பு வரைவது தொடக்கத்தில் எளிதாகவே தெரிகிறது. நிறுவனம் ஒரு கணு, அதாவது படத்தில் ஒரு வட்டம். இரண்டு நிறுவனங்கள் ஒரே திட்டத்தில் இருந்தால் அவற்றுக்கிடையே ஒரு கோடு. ஹொரைசன் 2020இன் விதிப்படி, கூட்டு ஆய்வுத் திட்டமென்றால் குறைந்தது மூன்று தனித்தனி உறுப்பு நாடுகளையோ இணைந்த நாடுகளையோ (ஒன்றியத்தில் உறுப்பினராகாமல் ஆய்வுத் திட்டத்தில் மட்டும் ஒப்பந்தம் செய்து சேர்ந்த நாடுகள்) சேர்ந்த, ஒன்றையொன்று சாராத மூன்று சட்ட நிறுவனங்கள் இருக்க வேண்டும். ஆகவே கோடுகளுக்குப் பஞ்சமில்லை. பத்தாயிரக்கணக்கான திட்டங்களை உள்ளிட்டு, ஜெஃபி போன்ற ஒரு மென்பொருளில் ஓடவிட்டால் சில நிமிடங்களில் விண்மீன் கூட்டம் போன்ற ஒரு படம் வந்துவிடும். அந்த அழகில் மயங்கித்தான் நானும் அதை நண்பரிடம் காட்டினேன்.

விதியில் உள்ள 'சட்ட நிறுவனம்' என்ற சொல்லை நான் அப்போது கவனிக்கவில்லை. ஒன்றியத்தோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திடக்கூடிய அமைப்பு எதுவோ அதுவே தரவில் பதிவாகும். பிரான்சின் தேசிய அறிவியல் ஆய்வு மையமான சிஎன்ஆர்எஸ் நாடெங்கும் ஆய்வகங்களைக் கொண்டது. சட்டத்தின் பார்வையில் அது ஒரே நிறுவனம், அதன் தலைமையகம் பாரிஸில் இருக்கிறது. எனவே மார்செயில் நடந்த கடலாய்வும் கிரெனோபிளில் நடந்த காந்த ஆய்வும் துலூஸில் நடந்த வேதியியலும் பாரிஸின் முகவரியோடுதான் பதிவாகின்றன. ஜெர்மனியின் ஃபிரவுன்ஹோஃபர் கழகத்துக்கும் இதே நிலை. எழுபதுக்கும் மேற்பட்ட ஆய்வு நிறுவனங்கள் அதன்கீழ் இயங்குகின்றன. சூரிய ஆற்றல் ஆய்வுக்குப் பெயர்பெற்றது ஃபிரைபர்க்கில் இருக்கிறது. வரைபடத்தில் அவை அனைத்தும் மியூனிக். இத்தாலியின் தேசிய ஆய்வு மன்றம் ரோமிலும், ஸ்பெயினுடையது மாட்ரிட்டிலும் இதேபோல் குவிந்துவிடுகின்றன. ஆனால் ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் சங்கத்தைச் சேர்ந்த மையங்கள் ஒவ்வொன்றும் தனித்தனிச் சட்ட நிறுவனங்கள் என்பதால், யூலிஷ் ஆய்வு மையம் தன் சொந்த ஊரிலேயே, தன் சொந்தப் பெயரிலேயே நிற்கிறது. ஒரே நாட்டில், ஏறத்தாழ ஒரே வகைப் பணியைச் செய்யும் இரண்டு அமைப்புகளில் ஒன்று ஒற்றைப் பெரும் வட்டமாகவும் மற்றொன்று பல சிறு வட்டங்களாகவும் தெரிவதற்கு அறிவியல் காரணம் எதுவும் இல்லை. அவை பதிவு செய்யப்பட்ட முறை அப்படி.

பிரான்சில் இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கே பெரும்பாலான ஆய்வகங்கள் சிஎன்ஆர்எஸும் ஒரு பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தும் கூட்டு ஆய்வகங்கள். ஒரே கூடத்தில், ஒரே கருவியில் வேலை செய்யும் இருவரில் ஒருவருக்கு மையம் சம்பளம் தரும், மற்றவருக்குப் பல்கலைக்கழகம் தரும். ஒன்றியத்தின் நிதியை யார் பெயரில் வாங்குவது என்பதை அந்த இரு அமைப்புகளும் தங்களுக்குள் பேசி முடிவு செய்கின்றன. அந்த முடிவைப் பொறுத்து ஆய்வகம் ஒரு திட்டத்தில் பாரிஸில் இருக்கும், அடுத்த திட்டத்தில் தன் ஊருக்குத் திரும்பிவிடும். என் நண்பரின் ஆய்வகத்துக்கு மூன்று முறையும் பாரிஸே வாய்த்தது.

இதைவிட ஆழமான சிக்கல் கோட்டில் இருக்கிறது. மூன்று பேர் உள்ள திட்டத்தில் ஒவ்வொருவரையும் மற்றவரோடு இணைத்தால் 3 கோடுகள் வரும். பத்துப் பேர் இருந்தால் 45. நாற்பது பேர் இருந்தால் 780. ஓர் அணுத் தடிமனே உள்ள கரிமப் படலமான கிராஃபீனைப் பற்றி 2013இல் தொடங்கிய பெருந்திட்டத்தை எடுத்துக்கொள்வோம்: பத்தாண்டுகளுக்கு 100 கோடி யூரோ என்ற இலக்கோடு, கோத்தன்பர்க்கின் சால்மர்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஒருங்கிணைக்க, 150க்கும் மேற்பட்ட பங்காளிகளைச் சேர்த்துக்கொண்டு நடந்தது அது. 150 பேர் என்று வைத்துக் கணக்கிட்டாலே 11,175 கோடுகள் வருகின்றன. அதே எண்ணிக்கையை மூவர் கொண்ட சிறு திட்டங்களால் எட்ட வேண்டுமானால் 3,725 திட்டங்கள் தேவைப்படும். ஆக, நான்கைந்து பெருந்திட்டங்களைத் தரவில் விட்டுவைத்தால் படத்தின் நடுப்பகுதி முழுவதையும் அவையே எழுதிவிடும். நீக்கிவிட்டாலோ உண்மையில் நடந்த ஒன்றை இல்லையென்று மறைத்ததாகும். என் முதல் வரைபடத்தில் சில சிறு நிறுவனங்கள் மிகுந்த செல்வாக்குள்ளவைபோல் மையத்தில் நின்றதற்குக் காரணம், அவை ஒரே ஒரு பெருந்திட்டத்தில் நூற்றைம்பதில் ஒன்றாக ஒருமுறை கையெழுத்திட்டிருந்ததுதான்.

வலையமைப்பு ஆய்வாளர்கள் இதை வெகுநாள்களுக்கு முன்பே எதிர்கொண்டிருக்கிறார்கள். அறிவியல் கட்டுரைகளின் கூட்டாசிரியர் வலையை ஆராய்ந்த இயற்பியலாளர் மார்க் நியூமன், ஒரு கட்டுரையில் n பேர் இருந்தால் அவர்களில் எந்த இருவருக்கும் இடையிலான கோட்டுக்கு 1/(n−1) என்ற எடையைத் தரலாம் என்று 2001இல் முன்வைத்தார். இருவர் எழுதிய கட்டுரை அவர்களை முழு எடையோடு இணைக்கும். நூற்றைம்பது பேர் எழுதியது ஒவ்வொரு இணையையும் நூலிழைபோல் மட்டுமே இணைக்கும். எவ்வளவு பெரிய கூட்டமாக இருந்தாலும் ஓர் உறுப்பினருக்கு அதனால் கிடைக்கும் மொத்த எடை 1தான். இதைத் திட்டங்களுக்கும் பயன்படுத்தியபோது என் படத்தின் நடுவில் இருந்த அடர்ந்த புகைமூட்டம் விலகியது. ஆனாலும் இதிலும் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: எல்லாப் பங்காளிகளும் ஒருவரோடொருவர் சமமாகப் பழகினார்கள் என்பது. ஒன்றியத்தின் திட்டத்தில் பணியாற்றியவர்களைக் கேட்டால் அப்படிச் சொல்லமாட்டார்கள். வேலை பணித்தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரே தொகுதியில் இருப்பவர்கள் வாரந்தோறும் பேசிக்கொள்வார்கள், மற்றவர்களை ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ பொதுக்கூட்டத்தில் பார்ப்பார்கள். யார் எந்தத் தொகுதியில் இருந்தார் என்பது நான் தரவிறக்கிய கோப்புகளில் இல்லை.

இன்னொரு வழி, ஒருங்கிணைப்பாளரை நடுவில் வைத்து, அவரிடமிருந்து ஒவ்வொரு பங்காளிக்கும் ஒரு கோடு மட்டும் போடுவது. 150 பேர் உள்ள திட்டத்தில் அப்போது 149 கோடுகளே வரும். ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்திடமிருந்து பணம் ஒருங்கிணைப்பாளருக்கு வந்து அவர் வழியாகத்தான் பிறருக்குப் போகிறது, அறிக்கைகளும் அவர் வழியாகத்தான் மேலே போகின்றன. ஆகவே இந்தப் படம் பொறுப்பும் பணமும் ஓடும் வழியை உள்ளபடி காட்டுகிறது. எனக்கு இன்று இதுவே மிகுந்த நம்பிக்கை தரும் முறை. இது 'யார் யாரோடு சிந்தித்தார்' என்று காட்டுவதாகச் சொல்லிக்கொள்ளாது. சொல்வதைப் பிசகாமல் சொல்லும்.

பெயர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் என் மிகப் பெரிய பிழை அங்கேதான் நேர்ந்தது. இப்போதைய திட்டங்களில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒன்பது இலக்க அடையாள எண் உண்டு. பழைய சட்டகத் திட்டங்களையும் சேர்த்து நீண்ட கால மாற்றத்தைப் பார்க்க விரும்பியதால், பெயர்களை ஒப்பிட்டு, ஒத்தவற்றை ஒன்றாக்கும் முறையைக் கையாண்டேன். ஒரே பல்கலைக்கழகத்தின் பெயர் பிரெஞ்சில் ஒருவிதமாகவும் டச்சில் வேறுவிதமாகவும் ஆங்கிலத்தில் மற்றொரு விதமாகவும் எழுதப்பட்டிருக்கும் என்று எதிர்பார்த்து, ஊர்ப்பெயரின் மொழிபெயர்ப்புகளையும் ஒன்றாகக் கொள்ளும்படி விதி எழுதினேன். அதன் விளைவாக பெல்ஜியத்தின் இரு பெரும் பல்கலைக்கழகங்கள் ஒன்றாகிவிட்டன. லூவேன் என்பதும் லூவாங் என்பதும் ஒரே ஊரின் டச்சு, பிரெஞ்சுப் பெயர்கள்தான். ஆனால் அந்த ஊரின் பழைய கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் 1968இல் மொழிப் பிரச்சினையால் இரண்டாகப் பிரிந்தது. டச்சு மொழிப் பிரிவு அங்கேயே இருந்துகொள்ள, பிரெஞ்சுப் பிரிவு தனக்கென்று புதிதாகக் கட்டப்பட்ட லூவாங்-லா-நெவ் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. ஒரு சமூகம் கடும் மனக்கசப்போடு பிரித்துவைத்த இரு நிறுவனங்களை நான் ஒரு வரி நிரலால் சேர்த்துவைத்து, அப்படிச் சேர்த்ததால் உருவான செயற்கைப் பெருங்கணுவை ஐரோப்பாவின் முக்கிய மையங்களில் ஒன்றென்று கருதிக்கொண்டிருந்தேன். வலையமைப்பில் குழுக்களைப் பிரித்தறிய நான் பயன்படுத்திய கணக்குமுறை 2008இல் அந்தப் பிரெஞ்சு மொழிப் பல்கலைக்கழகத்தில் உருவாகி, லூவாங் என்ற பெயராலேயே வழங்குகிறது என்பதைப் பிறகு அறிந்தபோது அந்தப் பிழை இன்னும் உறுத்தியது.

பாரிஸில் இதற்கு நேர்மாறான நிலை. 2018இல் இரண்டு பல்கலைக்கழகங்கள் இணைந்து சோர்போன் பல்கலைக்கழகம் ஆயின. 2019இல் வேறு சில இணைந்து பாரிஸ் பல்கலைக்கழகம் ஆகி, 2022இல் பாரிஸ் சிட்டே என்று பெயர் மாறியது. இணைப்புக்கு முந்தைய கணுக்களை அப்படியே விட்டால் பழைய உறவுகள் திடீரென்று அறுந்து புதியவை திடீரென்று முளைத்தாற்போல் தோன்றும். பின்னோக்கி இணைத்தாலோ அன்று இல்லாத ஒரு நிறுவனத்துக்கு வரலாறு கற்பித்ததாகும். நான் முந்தையதையே தேர்ந்தேன். படத்தின் கீழே அதைக் குறிப்பிடவும் செய்கிறேன்.

அடுத்தது சுழியம். தரவைத் தூய்மைப்படுத்தும்போது, ஒன்றியத்தின் பங்களிப்பு 0 யூரோ என்று இருக்கும் வரிகளை நீக்கிவிடுவது பலருக்குப் பழக்கம், நானும் செய்தேன். அப்படிச் செய்தால் சுவிட்சர்லாந்தின் பெரும்பகுதி சில ஆண்டுகளுக்கு மறைந்துபோகும். 2014 பிப்ரவரியில் குடியேற்றம் குறித்து அங்கே நடந்த பொதுவாக்கெடுப்புக்குப் பிறகு ஹொரைசன் 2020இல் அந்நாட்டின் இணைப்பு பகுதியளவாகச் சுருங்கி, 2017இல்தான் முழுமையடைந்தது; 2021இல் மீண்டும் இணைப்பில்லா நாடாகியது. அக்காலங்களில் சுவிஸ் ஆய்வகங்கள் வேலையை நிறுத்திவிடவில்லை. பணத்தை அவர்களுடைய அரசே கொடுத்தது. பிரிட்டனிலும் இதுவே நடந்தது: 2024 ஜனவரி 1 அன்று ஹொரைசன் ஐரோப்பாவில் மீண்டும் இணையும்வரை, தேர்வான ஆய்வாளர்களுக்கு பிரிட்டன் அரசு உத்தரவாத நிதி வழங்கியது. இந்தியாவுக்கும் இது பொருந்தும். 2019இல் தொடங்கிய பவித்ர கங்கா, சரஸ்வதி 2.0 உள்ளிட்ட நீர் ஆய்வுத் திட்டங்களில் இந்திய நிறுவனங்களின் செலவை இந்திய அரசின் துறைகள் ஏற்றன. சுழிய வரிகளை நீக்கினால், கங்கைக் கரையில் நீரைச் சோதித்தவர்கள் யாவரும் ஐரோப்பியரே என்று படம் சொல்லும். பணத்தின் தடத்தை வரைகிறோமா, பணியின் தடத்தை வரைகிறோமா என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்யாவிட்டால், இப்படி நாடுகளே காணாமல்போகும்.

இவ்வளவு திருத்தங்களுக்குப் பிறகும் மாறாமல் நிற்கும் உண்மை ஒன்று உண்டு. அதற்காகத்தான் இந்த வேலையை விடாமல் செய்கிறேன். எந்த முறையில் வரைந்தாலும், எந்த எடையைத் தந்தாலும், நடுவில் ஒரு சிறு கூட்டம் தங்களுக்குள் திரும்பத் திரும்ப இணைந்துகொண்டிருக்கிறது. ஸ்டெஃபானோ பிரெஸ்கி, லூசியா குஸ்மானோ என்ற ஆய்வாளர்கள் 2004இலேயே முந்தைய சட்டகத் திட்டங்களின் வலையை ஆராய்ந்து, அங்கே உருவாகியிருப்பது ஒரு சிலராட்சி என்றார்கள். நிதி கோரும் விண்ணப்பத்தை எழுதுவதே ஒரு கலை. அதற்கென அலுவலகம் வைத்திருக்கும் நிறுவனம் வெல்கிறது. வென்றவரை அடுத்தமுறை பிறர் கூட்டாளியாகத் தேடுகிறார்கள். 2004 முதல் ஒன்றியத்தில் சேர்ந்த 13 நாடுகளில் ஒன்றிய மக்கள்தொகையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் வாழ்கிறார்கள். ஹொரைசன் 2020இன் நிதியில் அந்நாடுகளுக்குச் சென்றது சுமார் 5 விழுக்காடு. ஹொரைசன் ஐரோப்பாவில் குறைந்தது 3.3 விழுக்காட்டை இந்த இடைவெளியைக் குறைக்கவே ஒதுக்கியிருக்கிறார்கள். அது போதாது என்பது என் கருத்து. ஆனால் நடுவே இருப்பது எப்போதும் பணக்கார நாடு என்றும் சொல்லிவிட முடியாது. கிரீஸ் நாட்டின் தெசலோனிகியில் உள்ள ஆய்வு மையமும் கிரீட் தீவின் ஹெராக்லியோனில் உள்ள மற்றொன்றும் என் படத்தில் பல வடநாட்டுப் பல்கலைக்கழகங்களைவிட உள்ளே நிற்கின்றன. உள்நாட்டில் ஆய்வுப் பணம் வற்றிய ஆண்டுகளில் ஒன்றியத்தின் நிதியை நம்பித் தங்கள் ஆய்வாளர்களைக் காப்பாற்றிக்கொண்ட நிறுவனங்கள் அவை. அந்த வட்டங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை தோன்றுகிறது.

ஐரோப்பிய ஆய்வு மன்றம் தனி ஆய்வாளர்களுக்கு வழங்கும் நிதிகளில் பெரும்பாலானவற்றில் கூட்டாளியே கிடையாது. ஒன்றியத்தின் மிக மதிப்புமிக்க நிதியென்று ஆய்வாளர்கள் கருதும் அது, இந்தப் படத்தில் கோடற்ற தனிப்புள்ளியாக மட்டுமே விழும். அப்புள்ளிகளை விளிம்பில் கிடப்பவையென்று எண்ணிவிடக் கூடாது.

அறிவியலின் வளர்ச்சியை எண்களால் அளக்கும் துறையைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவரான டெரெக் டி சோலா பிரைஸ், 1940களின் பிற்பகுதியில் சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். லண்டன் ராயல் சொசைட்டியின் இதழ்த் தொகுதிகளைப் பத்துப் பத்து ஆண்டுகளாகச் சுவரோரம் அடுக்கி வைத்தபோது, அடுக்குகளின் உயரம் மடங்குகளாக வளர்வதை அங்கேதான் அவர் கண்டார். நூலகத்தில் வேலை செய்யும் எவருக்கும் அந்தக் காட்சி பிடிக்கும். ஆனால் எனக்கு இப்போது உதவுவது அவர் 1960களில் எழுதிய மற்றொன்று. ஒரு துறையில் உண்மையான பரிமாற்றம், அச்சாவதற்கு முன்பே கட்டுரைகளை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டும் சென்று பார்த்துக்கொண்டும் இயங்கும் சிறு குழுக்களுக்குள் நடக்கிறது என்றார் அவர். பதினேழாம் நூற்றாண்டில் ராபர்ட் பாயில் தன் கடிதங்களில் பயன்படுத்திய 'கண்ணுக்குப் புலப்படாத கல்லூரி' என்ற சொல்லையே அக்குழுக்களுக்குப் பெயராக இட்டார். அந்தக் கல்லூரிக்கு ஒப்பந்தம் இல்லை. எனவே கோர்டிஸில் அது இருக்காது.

நண்பருக்காக இரண்டாவது வரைபடம் ஒன்றைத் தயாரித்தேன். திட்டங்களிலிருந்து வெளிவந்த கட்டுரைகளை எடுத்து, ஆசிரியர்கள் தங்கள் பெயருக்குக் கீழே எழுதியிருக்கும் ஆய்வக முகவரிகளைக் கொண்டு பாரிஸின் வட்டத்தைப் பிரித்தேன். ஒப்பந்தத்திலிருந்து வரும் கோடுகளை முழுக்கோடாகவும், கட்டுரைகளிலிருந்து வரும் கோடுகளைப் புள்ளிக்கோடாகவும் போட்டேன். கருவட்டம் சிதறி, கிரெனோபிள் அதன் இடத்துக்கு வந்தது. பெரிய தாளில் அச்சிட்டு அடுத்தமுறை அவர் வந்தபோது மேசைமேல் விரித்தேன். தன் ஆய்வகத்தைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. விரலால் ஒவ்வொரு கோடாகத் தொட்டு, இவர்களோடு இன்னும் பேசுகிறோம், இவர்களை ஒரே ஒருமுறை பார்த்தோம், இவர் ஓய்வு பெற்றுவிட்டார் என்று சொல்லிக்கொண்டே வந்தார். பிறகு என் பென்சிலை வாங்கி, கிரெனோபிளிலிருந்து வார்சாவுக்கு அழுத்தமாக ஒரு கோடு இழுத்தார். பதினைந்து ஆண்டுகளாகத் தங்கள் ஆய்வகம் பயன்படுத்தும் படிகங்களை வளர்த்துத் தருபவர் அங்கே ஒரு சிறு ஆய்வகத்தில் இருக்கிறார் என்றும், எந்தத் திட்டத்திலும் அவருடைய நிறுவனம் கையெழுத்திட்டதில்லை என்றும் சொன்னார். அந்தத் தாள் இப்போது என் அலுவலக அறைச் சுவரில் இருக்கிறது. அதில் பென்சிலால் இழுக்கப்பட்ட கோடு அது ஒன்றுதான்.